பொலிஸ் புத்தகத்தில் ஏறாத களவுகள்

ஒரு சைக்கிள் களவு போன கதையோடு ஆரம்பிக்கிறேன். கதை என்றுதான் சொல்கிறேன். ஆளைத் தேடிப் போக வேண்டாம். வன்னியில் எந்த ஊரிலும் நடக்கக் கூடியது.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமம். சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன ஒரு பெரியவர் வெளியே வந்து பார்க்கிறார். மதிலில் சாத்தி வைத்த சைக்கிளைக் காணோம். மகனையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகிறார். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர்தான். கதிரை தந்து உட்கார வைக்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் நாலு வார்த்தை, இவருக்குத் தெரிந்த சிங்களம் நாலு வார்த்தை. அந்த எட்டு வார்த்தைகளையும் வைத்துக்கொண்டு இருவரும் அரை மணித்தியாலம் பாடுபடுகிறார்கள். கடைசியில் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதி முடிகிறது. பெரியவர் கையொப்பமிட்டு வீடு திரும்புகிறார்.

அன்று நாட்டின் குற்றக் கணக்கில் ஒன்று கூடியிருக்க வேண்டும், அல்லவா? கூடியதா என்பது ஒரே ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது. அந்த உத்தியோகத்தர் சைக்கிள் "களவு போனது" என்று எழுதினாரா, "காணாமற் போனது" என்று எழுதினாரா?

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். களவு என்றால் அங்கே ஒரு கள்ளன் இருக்கிறான். அவனைத் தேட வேண்டும். பிடிபடாவிட்டால் அந்த நிலையத்தின் கணக்கில் துலங்காத குற்றம் ஒன்று நிற்கும்; மேலதிகாரி வரும்போது கேள்வி வரும். காணாமற் போனது என்றால் கள்ளனே கிடையாது. யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை. பெரியவருக்குச் சைக்கிள் இல்லை என்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

எனக்கே ஒருமுறை இது நடந்தது. பஸ்ஸில் பணப்பையை யாரோ உருவிவிட்டார்கள். அடையாள அட்டையும் அதோடு போயிற்று. எந்த ஊர், எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். புதிய அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும் என்பதால் போய் "என்ட்ரி" போட்டேன். பிரதியைச் சிங்களம் தெரிந்த நண்பரிடம் காட்டியபோதுதான், நானே தொலைத்துவிட்டதாகக் கையொப்பமிட்டிருப்பது தெரிந்தது. எனக்கு வேண்டியிருந்தது அட்டை. அவருக்கு வேண்டியிருந்தது வேலைக்குறைவு. இருவருக்கும் திருப்தி. கள்ளனுக்கு அதைவிடத் திருப்தி!

எண் எங்கே பிறக்கிறது?

"இந்த வருடம் குற்றம் குறைந்துவிட்டது", "அந்த மாவட்டத்தில் கூடிவிட்டது" என்று பத்திரிகையில் வாசிக்கிறோம். அமைச்சர்கள் பேசுகிறார்கள். அந்த எண்கள் பிறக்கும் இடம், மேலே சொன்ன அந்த மேசைதான். குற்றம் நடக்க வேண்டும். நடந்தது ஒருவருக்குத் தெரிய வேண்டும். அவர் பொலிஸுக்குப் போகத் துணிய வேண்டும். அங்கே எழுதப்பட வேண்டும். எழுதியது சரியான பெயரில் எழுதப்பட வேண்டும். இந்த ஐந்து படியிலும் வழுக்கி விழாமல் மேலே வந்ததைத்தான் நாம் "குற்றப் புள்ளிவிபரம்" என்கிறோம்.

நமது நாட்டில் பொலிஸார் முறைப்பாடுகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பதிகிறார்கள்: பாரதூரமான குற்றம் ஒரு புத்தகத்தில், சிறு முறைப்பாடு இன்னொரு புத்தகத்தில். வருடா வருடம் வெளிவரும் பெரிய அட்டவணை முதலாவதிலிருந்து எடுக்கப்படுவது. எது பாரதூரம்? பல வருடங்களாக இருந்த கணக்கின்படி 5,000 ரூபாவுக்கு மேற்பட்ட பொருளின் களவு பாரதூரம். அதற்குக் கீழ்ப்பட்டது சிறியது. ஆனால் சைக்கிளும் மாடும் விதிவிலக்கு. விலை எதுவானாலும் அவை பாரதூரமான குற்றப் பட்டியலில் சேரும். இந்த விதியை எழுதியவர் யாரோ, கிராமத்தை அறிந்தவர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வன்னியில் ஒரு குடும்பத்தின் சைக்கிளும் பசுவும் போனால் வேறென்ன மிஞ்சும்?

5,000 ரூபா என்ற கோட்டை இன்னொரு விதமாகவும் பாருங்கள். பொருட்களின் விலை ஏற ஏற, முன்பு கோட்டுக்குக் கீழே கிடந்த களவுகள் தாமாகவே கோட்டுக்கு மேலே வந்துவிடும். கள்ளர்கள் ஒருவர்கூடக் கூடாமலே, பணவீக்கம் மட்டுமே நாட்டின் "பாரதூரமான களவை"க் கூட்டிக் காட்டும். பிறகு கோட்டை உயர்த்தினால் ஒரே இரவில் குற்றம் குறைந்துவிடும்!

அயல்நாடுகளில் நடந்தவை

இது நமது நாட்டு நோய் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். ஒழுங்குக்குப் பேர்போன ஜப்பானில் 1999 ஒக்டோபரில், சைத்தாமா மாகாணத்தின் ஒகெகாவா நகரில், ஒரு பல்கலைக்கழக மாணவி பட்டப்பகலில் கொல்லப்பட்டார். தம்மைப் பின்தொடர்ந்து தொல்லைப்படுத்துகிறார்கள் என்று அவரும் பெற்றோரும் பொலிஸில் ஏற்கெனவே முறையிட்டிருந்தனர். கொலைக்குப் பிறகு வெளிவந்த விடயம் நாட்டையே உலுக்கியது. வழக்குத் தொடரும்படி கொடுத்த முறைப்பாட்டை, வெறும் தகவல் அறிவித்தலாகப் பொலிஸார் திருத்தி எழுதியிருந்தனர். சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர்கள் தண்டிக்கப்பட்டார்கள். முறைப்பாடுகளைத் தட்டிக் கழிக்காமல் ஏற்றுக்கொள்ளும்படி நாடெங்கும் பணிக்கப்பட்டது. விளைவு என்ன? 1999-இல் சுமார் 21 இலட்சமாக இருந்த பதிவான குற்றங்கள் 2002-இல் 28 இலட்சத்தைத் தாண்டின. குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வீதமோ சரிந்து 20-ஐத் தொட்டது. மூன்றே வருடத்தில் ஜப்பானியர் கெட்டுவிட்டார்களா? குற்றம் ஓரளவு கூடியும் இருக்கலாம்; ஆனால் அந்த எழுச்சியில் பெரும் பங்கு, முன்பு மேசைக்கு அப்பால் தள்ளப்பட்டவை உள்ளே வந்ததால் ஏற்பட்டது.

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டு பொலிஸ் பரிசோதகர் அலுவலகம் ஓர் ஆய்வு நடத்தியது. மக்கள் வந்து சொன்ன குற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, அதாவது 19 வீதம், குற்றமாக எழுதப்படவே இல்லை. வருடத்துக்கு எட்டு இலட்சத்துக்கு மேல்! அதே ஆண்டின் ஆரம்பத்திலேயே பொலிஸ் குற்றக் கணக்கிலிருந்து "தேசிய புள்ளிவிபரம்" என்ற முத்திரையை அந்நாட்டின் புள்ளிவிபர அதிகார சபை அகற்றிவிட்டது. சொந்த அரசாங்கத்தின் கணக்கையே நம்ப முடியாது என்று பகிரங்கமாகச் சொல்லும் துணிவு அவர்களுக்கு இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சுவீடன் நாட்டைப் பற்றி நமது சகோதரர்கள் சிலர் மேடைகளில் பேசுவதுண்டு: "பெண்களுக்கு எதிரான குற்றம் உலகிலேயே அதிகம் நடப்பது அங்கேதான், மேல்நாட்டு நாகரிகத்தின் இலட்சணத்தைப் பாருங்கள்" என்று. சற்றுப் பொறுங்கள். அங்கே ஒரு பெண், ஒருவன் தன்னை நூறு தடவை பலாத்காரம் செய்தான் என்று முறையிட்டால் நூறு குற்றங்கள் பதியப்படும். பல நாடுகளில் அது ஒன்றாகவே பதியப்படும். 2005-இலும் 2018-இலும் அந்நாட்டுச் சட்டம் அக்குற்றத்தின் வரைவிலக்கணத்தை விரித்தது. முன்பு வேறு பெயரில் கிடந்தவையும் இந்தத் தலைப்பின் கீழ் வந்தன. அத்தோடு, முறைப்பாடு வந்தவுடனேயே அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். ஜேர்மனியர் பொலிஸ் விசாரணை முடிந்த பின்னர் எண்ணுகிறார்கள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த நாடு கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது, ஒருவர் கொத்திலும் மற்றவர் புசலிலும் அளந்த நெல்லை ஒப்பிடுவது போன்றது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் முறைப்பாட்டுக்குப் போனவர்களைக் கேட்டால் "சி.எஸ்.ஆர்." என்பார்கள். முறைப்பாடு கிடைத்தது என்பதற்கான ரசீது அது. முதல் தகவல் அறிக்கை வேறு. அது எழுதப்பட்டால்தான் குற்றம் கணக்கில் ஏறும். ரசீதோடு வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று முறைப்பாட்டிலேயே தெரிந்தால், முதல் தகவல் அறிக்கையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று இந்திய உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் உரிமை கேட்பவர்களும் நிறைந்த கேரளம் இந்தியக் குற்ற அட்டவணையில் அடிக்கடி மேல் வரிசையில் நிற்பதும், அடிதடிக்குப் பேர்போன சில வட மாநிலங்கள் கீழே நிற்பதும் இதனால்தான் என்றால் நம்புவீர்களா? தமிழ்நாட்டில் 1992 முதல் மகளிர் பொலிஸ் நிலையங்கள் திறக்கப்பட்டன. அப்படி ஒரு நிலையம் வந்த இடங்களில் பெண்களின் முறைப்பாடு கூடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கதவு திறந்தது, உள்ளே வந்தார்கள்.

வன்னியின் வெற்றுப் பக்கங்கள்

இனி நமது மண்ணுக்கு வருவோம். பொலிஸ் இருப்பதும் இல்லாததும் குற்றக் கணக்கை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு வன்னிப் பெருநிலப்பரப்பைப் போன்ற சான்று உலகிலேயே குறைவு. ஒரே தலைமுறைக்குள் இம்மண் இரண்டு பொலிஸைக் கண்டது. பொலிஸே இல்லாத காலத்தையும் கண்டது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் வவுனியாவின் வடபகுதியிலும் அரசாங்கப் பொலிஸ் இயங்கவில்லை. 1991-இல் விடுதலைப் புலிகள் தமது "தமிழீழக் காவல்துறை"யை அமைத்தனர். முன்னர் இலங்கைப் பொலிஸில் வேலை செய்த நடேசன் அதன் பொறுப்பாளர். 1993 முதல் அவர்களது நீதிமன்றங்களும், 1994-இல் அவர்களது தண்டனைச் சட்டமும் வந்தன. 1995-இன் இறுதியில் யாழ்ப்பாணம் கைமாறிய பின் இவையனைத்தும் வன்னிக்குள் வந்தன. 2002-இல் ஏ-9 பாதை திறந்தபோது, வேகமாக வாகனம் ஓட்டியதற்காக அந்தக் காவல்துறையிடம் தண்டம் கட்டிய கொழும்புச் சாரதிகள் அதை வியந்து பேசியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த வருடங்களில் அரசாங்கத்தின் ஏட்டில் வன்னியின் பெரும் பகுதிக்கு எழுத எதுவுமில்லை. களவு இல்லை, கொலை இல்லை, கற்பழிப்பு இல்லை. ஏட்டை மட்டும் பார்த்தால் இலங்கையிலேயே சுவர்க்கம் அதுதான்!

நமது பெரியவரின் சைக்கிள் 1997-இல் களவு போயிருந்தால்? எரிபொருளுக்குத் தடை. மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய காலம். விறகு, தேங்காய், நோயாளி எல்லாமே சைக்கிளில்தான். அதைத் திருடியவனைப் பிடித்தால் தண்டனை கடுமையாக இருந்தது. திருடியதைக் கொண்டு வெளியேறவும் வழியில்லை, போக்குவரத்துக்கே பாஸ் வேண்டும். "அந்தக் காலத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படுக்கலாம்" என்று இன்றும் வன்னியில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பூட்டிய வீட்டுக்குள் களவு குறைவுதான். ஆனால் அந்த ஏட்டிலும் எழுதப்படாத பக்கம் இருந்தது. பிள்ளையைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு தாய் அந்தக் காவல்துறையில் முறையிட்டால் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவார்கள்? அந்தக் கணக்கை ஐ.நா. சிறுவர் நிதியம்தான் வைத்திருந்தது. 2003-இலிருந்து 2008 முடிய 6,000-க்கு மேற்பட்ட சிறுவர்கள் புலிகளால் சேர்க்கப்பட்டதாக அதன் பதிவேடு சொல்கிறது. தெரிய வந்தவை மட்டும்.

மறுபக்கத்தில், அரசாங்கத்தின் கையிலிருந்த வவுனியா நகரில் பொலிஸ் நிலையம் இருந்தது, புத்தகமும் இருந்தது. கூடவே அரசு சார்ந்த தமிழ் ஆயுதக் குழுக்களின் முகாம்களும் இருந்தன. கப்பம் கேட்டவன் யாரென்று தெரிந்தும், அவன் முகாமைத் தாண்டிப் போய் முறையிட எத்தனை வியாபாரிகளுக்குத் துணிவு வந்திருக்கும்? பேனை இருந்தும் எழுதப்படாத காலம் அது.

இதிலே இன்னொரு சிக்கல். ஓர் இலட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்றுதான் உலகம் கணக்கிடுகிறது. அதற்கு முதலில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று தெரிய வேண்டும். 1981-க்குப் பிறகு வன்னியில் முழுமையான குடிசன மதிப்பு நடந்தது 2012-இல்தான். 2001-இன் கணக்கெடுப்பு நாட்டின் 25 மாவட்டங்களில் 18-இல் மட்டுமே பூரணமாக முடிந்தது. கிளிநொச்சியோ 1984-இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆக, முப்பத்தொரு வருடங்கள் மேலே எழுதும் எண்ணும் கிடையாது, கீழே எழுதும் எண்ணும் கிடையாது.

2009 மே மாதத்தில் போர் முடிந்து, மெனிக் பாம் முகாம்களிலிருந்து மக்கள் ஊர் திரும்ப, பொலிஸ் நிலையங்களும் ஒவ்வொன்றாக வந்தன. "சமாதானம் வந்த பிறகுதான் வன்னியில் களவும் கற்பழிப்பும் பெருகிவிட்டன" என்ற பேச்சும் கூடவே வந்தது. இருக்கலாம். போர் தின்ற சமூகத்தில் கெட்டவை முளைப்பது புதுமையல்ல. ஆனால் பூச்சியத்திலிருந்து தொடங்கும் எந்தக் கணக்கும் மேல்நோக்கித்தானே போகும்? முன்னர் எழுத ஆளில்லாத இடத்தில் எழுத ஆள் வந்தால், முதல் வருடமே குற்றம் "பன்மடங்கு" ஆகும். இதை மறந்துவிட்டு ஒரு சாரார் பழைய காலத்தைப் புகழவும், இன்னொரு சாரார் வன்னி மக்களைப் பழிக்கவும் இந்த எண்களைக் கையிலெடுப்பதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

போதைப்பொருள் கணக்கு இதைவிட வேடிக்கையானது. களவைப் பறிகொடுத்தவர் வந்து சொல்வார். கசிப்புக் காய்ச்சியவனும் கஞ்சா வைத்திருந்தவனும் தாமே வந்து சொல்வார்களா? அந்தக் குற்றம் பொலிஸார் தேடினால்தான் இருக்கும். தேடாவிட்டால் ஏட்டில் இல்லை. 2023 டிசெம்பர் 17-இல் "யுக்திய" நடவடிக்கை தொடங்கி ஒரு மாதம் முடியுமுன்னரே 29,000-க்கு மேற்பட்டோர் கைதானதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கவலை தெரிவித்தது. அந்த மாதத்தில் திடீரென்று அத்தனை பேர் போதைக்கு அடிமையாகவில்லை; சோதனைதான் கூடியது.

ஒக்டோபர் 1990

நமது குடும்பங்களில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும் இந்தத் தலைப்பைச் சொல்லிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது. அந்த மாதத்தின் பின்பாதியில், வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் வடபகுதி ஆகிய இடங்களிலும் வீடு, கடை, வயல், மாடு, தோணி, நகை என்று எல்லாம் பின்னே நின்றன. கையிலும் காதிலும் இருந்ததைக் கழற்றி வாங்கிய இடங்களும் உண்டு.

ஓர் உத்தியோகத்தரின் மேசையிலிருந்து இதைப் பாருங்கள். ஆயுதம் காட்டி நகை பறிப்பது இந்நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் கொள்ளை. ஒரு வீட்டில் நடந்தால் பாரதூரமான குற்றம் ஒன்று. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே கிழமையில் நடந்தது. ஆனால் அந்தந்த ஊர்களில் அதை எழுதப் பொலிஸ் நிலையமே இருக்கவில்லை. புத்தளத்தில் வந்து இறங்கியவர்கள் உயிர் பிழைத்த மூச்சிலும், பிள்ளைக்குப் பால்மா தேடும் அலைச்சலிலும் இருந்தார்கள். கள்ளன் யாரென்று எல்லோருக்கும் தெரிந்த, சாட்சிகள் எழுபத்தையாயிரம் பேர் இருந்த ஒரு குற்றம் இப்படித்தான் ஏடு ஏறாமல் போனது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அந்த வெளியேற்றம் தவறு என்ற தோரணையில் புலிகள் தரப்பு பேசியது. 2011-இல் சட்ட, சமூக அறநிலையம் மக்கள் ஆணைக்குழு ஒன்றின் அறிக்கையை வெளியிட்டு, ஊர் ஊராக நடந்ததைப் பதிவு செய்தது. சொன்னவர்களின் சொல்லிலேயே பதிவு இருக்கிறது. ஆனாலும் அது பொலிஸ் புத்தகமல்ல. மீள்குடியேறப் போனவரிடம் உறுதி எங்கே என்று கேட்டால், உறுதி போன கதையைச் சொல்லலாம். அது போன அன்றைய "என்ட்ரி"க்கு எங்கே போவது?

காணாமற் போனவர்கள்

குற்றவியல் அறிஞர்கள் ஒரு விடயத்தில் ஒத்துப்போவார்கள். களவுக் கணக்கை நம்பாதே, அடிதடிக் கணக்கை நம்பாதே. கொலைக் கணக்கை மட்டும் ஓரளவு நம்பு என்பார்கள். ஏனென்றால் சடலம் ஒன்று இருக்கும். அதை எந்தப் பேனையாலும் மறைக்க முடியாது. உலகெங்கும் நாடுகளை ஒப்பிட இதனாலேயே கொலை வீதத்தை எடுக்கிறார்கள்.

வன்னியில் அந்தக் கடைசி நம்பிக்கையும் உடைந்துபோயிற்று. சடலமே இல்லை. 1990 முதல் இந்நாட்டில் காணாமற் போனோர் என்று செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் குடும்பங்கள் பதிந்திருப்பது 16,000-க்கு மேல். படையினரின் குடும்பங்களும் அதில் அடக்கம். எந்த வருடத்துக் கொலை அட்டவணையில் இவர்களைத் தேடுவது? வலிந்து காணாமல் ஆக்குதல் என்ற பெயரில் ஒரு குற்றம் நமது சட்டத்தில் எழுதப்பட்டதே 2018-இன் 5-ஆம் இலக்கச் சட்டத்தில்தான். சட்டத்தில் பெயரில்லாத குற்றத்துக்கு அட்டவணையில் நிரல் எங்கிருந்து வரும்?

2017 பெப்ரவரி 20-ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் அமர்ந்தனர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதே போல் அமர்ந்தனர். அவர்கள் பேசும்போது கவனியுங்கள். "காணாமற் போனோர்" என்று யாராவது சொன்னால் திருத்துவார்கள்: "போகவில்லை ஐயா, ஆக்கப்பட்டார்கள்." முதற் பந்தியில் நமது பெரியவரின் சைக்கிளுக்கு எழுதப்பட்ட அதே சொல்தான் இங்கேயும் வழக்காடுகிறது. போனது என்றால் யாரும் பொறுப்பில்லை. ஆக்கப்பட்டது என்றால் ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான்.

வீட்டுக்குள்ளே

இவ்வளவும் பொலிஸைப் பற்றிச் சொன்னேன். நாமும் சில கதவுகளைச் சாத்தி வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நீதியாகாது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019-இல் பெண்களின் நலன் பற்றி நாடளாவிய ஆய்வொன்றைச் செய்தது. வீடு வீடாகப் போய், பெண்களைத் தனியாக இருத்திக் கேட்டார்கள். கணவனோ துணைவனோ உள்ள, அல்லது இருந்த பெண்களில் ஐந்தில் ஒருவர், வாழ்நாளில் ஒரு தடவையேனும் அவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்ததாகச் சொன்னார். இப்போது உங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்தில் ஒரு வீட்டிலிருந்து முறைப்பாடு வந்திருக்கிறதா?

நம்மவர்களிடையே அடிபட்ட பெண் முதலில் போவது உம்மாவிடம். "பொறுத்துப் போ மகள்." பிறகு பள்ளி நிர்வாகம். பிறகு காதி நீதிமன்றம். அங்கே பேசப்படுவது விவாகரத்தும் தாபரிப்பும், அடி அல்ல. பொலிஸுக்கே போனாலும், சிறு பிணக்கு என்று மத்தியஸ்த சபைக்கு அனுப்பப்படலாம். 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புக் கட்டளை பெற வழி செய்கிறது. அதுவும் குற்ற அட்டவணையில் ஏறும் காரியமல்ல. சமாதானம் செய்வது நல்லதுதான். நானும் இரண்டொரு குடும்பங்களுக்குச் சமாதானம் பேசப் போனவன்தான். ஆனால் எலும்பு முறிந்த பெண்ணுக்கும் சமாதானம், கறி கருகியதற்குச் சண்டை போட்டவளுக்கும் சமாதானம் என்று ஒரே தராசில் நிறுத்துவிட்டு, "எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை" என்று கூட்டத்தில் பெருமை பேசுவது எப்படி? எங்கள் ஊரில் இல்லாதது குற்றமா, குற்றத்தின் கணக்கா?

பொலிஸ் நிலையங்களில் பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான பிரிவுகள் இருக்கின்றன. தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் ஒருவர் அந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்தால், அடுத்த வருடமே அந்தப் பிரிவின் எண் ஏறும். அப்போது பத்திரிகையில் "பெண்களுக்கு எதிரான வன்முறை அதிகரிப்பு" என்று தலைப்பு வரும். அந்தத் தலைப்பைக் கண்டு முகம் சுளிக்காமல், அந்தக் கதிரையில் யார் வந்திருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் கையொப்பத்துக்கு முன்

இனி, களவு கொடுத்தவர் எவரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 1979-இன் 15-ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 109-ஆம் பிரிவு, நீங்கள் வாயால் சொல்லும் முறைப்பாட்டை நீங்கள் சொன்ன மொழியிலேயே உத்தியோகத்தர் எழுத வேண்டும், எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. அந்த மொழியில் எழுத அவரால் முடியாவிட்டால், நீங்களே உங்கள் மொழியில் எழுதிக் கொடுக்கும்படி அவர் கேட்க வேண்டும். உங்களுக்கும் எழுத இயலாவிட்டால்தான் வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் ஏன் அப்படி எழுதினார் என்ற காரணத்தைக் குறித்து, உங்களுக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். இது தயவல்ல, சட்டம்.

ஆகவே வீட்டிலேயே ஒரு கடதாசியில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன பொருள், என்ன அடையாளம், சைக்கிளானால் சட்டக இலக்கம், மாடானால் குறியும் நிறமும், எத்தனை மணிக்கு எங்கே வைத்தீர்கள், என்ன பெறுமதி. எழுதிக் கொடுத்ததன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களே எழுதினால், கையொப்பமிடுமுன் சிங்களம் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். "நெதி வுணா" என்று இருந்தால் காணாமற் போனது. "ஹொரகம்" என்று இருந்தால் களவு.

நமது பெரியவர் மறுநாள் மகனோடு மீண்டும் அதே மேசைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உத்தியோகத்தர் சற்று முகம் கோணினாலும், பள்ளி மதிலில் சாத்திப் பூட்டி வைத்த சைக்கிள் தானாகத் தொலையாது என்பதை ஒத்துக்கொண்டு, புதிதாக ஒரு பக்கம் எழுதுகிறார். சைக்கிள் கிடைக்கவில்லை. அந்த மாதம் அந்த நிலையத்தில் பாரதூரமான குற்றம் ஒன்று கூடியது.